கலீஃபா, சுல்தான், துருக்கியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கி தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், கஜினி முகமதுவைப் பற்றிச் சண்டை போடவே வருகிறவர்கள் என்று மூன்று தரப்பும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே தொகுத்து வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

கலீஃபா, அமீர், சுல்தான் எல்லாம் ஒண்ணுதானே? எதுக்கு மூணு பேரு?

ஒன்றில்லை. கலீஃபா என்பவர் நபிகளுக்குப் பிறகு முஸ்லிம் சமூகத்துக்குத் தலைமை தாங்குபவர், கொள்கைப்படி ஒரே சமயத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அமீர், அவர் அனுப்புகிற ஆளுநர் அல்லது படைத்தலைவர். சுல்தான், கலீஃபாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு உண்மையில் ஆட்சியை நடத்துகிறவர். 11ஆம் நூற்றாண்டுக்கு முன் இந்தப் பட்டம் பெரிதாகப் புழக்கத்தில் இல்லை. அதற்கான தேவையே அப்போதுதான் வந்தது.

ஓர் ஊர் யார் கையில் இருக்கிறது என்று தெரிய இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையின் குத்பா உரையில் யார் பெயர் சொல்லப்படுகிறது. இரண்டு, நாணயத்தில் யார் பெயர் அடித்திருக்கிறது. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

அப்பாஸியப் பேரரசு அவ்வளவு பெருசா இருந்துச்சே, யார் வந்து உடைச்சாங்க?

பாக்தாதைத் தலைநகராக வைத்து ஆண்ட கலீஃபா குடும்பம்தான் அப்பாஸியர். அதை வெளியிலிருந்து வந்து யாரும் உடைக்கவில்லை. பாக்தாத் 762இல் கட்டத் தொடங்கியபோதே ஸ்பெயின் கையில் இல்லை, 756 முதல் அங்கே, அப்பாஸியருக்கு முன் கலீஃபாக்களாக இருந்த உமய்யா குடும்பத்தின் ஓர் இளவரசர் தனியாக ஆண்டுகொண்டிருந்தார். எல்லோரும் பொற்காலம் என்று சொல்கிற கலீஃபா ஹாரூன் ரஷீத் காலத்திலேயே மொராக்கோ போய்விட்டது. துனிசியாவை 800இல் இப்ராஹீம் இப்னு அக்லப் என்பவரிடம் ஆண்டுக்கு 40,000 தினார் கட்டச் சொல்லி ஒப்படைத்துவிட்டார் ஹாரூன். கிட்டத்தட்ட குத்தகைதான்.

பெரிய அடி 811இல் விழுந்தது. ஹாரூனின் மகன்கள் அமீனும் மஃமூனும் அடித்துக்கொண்டார்கள், பாக்தாத் முற்றுகையில் பாதி நாசமானது, 813இல் அமீன் கொல்லப்பட்டார். ஜெயித்த மஃமூன் தன் தளபதி தாஹிருக்குக் குராசானை (இன்றைய ஈரானின் வடகிழக்கும் அதை ஒட்டிய பகுதிகளும்) கொடுத்தார், 821 முதல் அது அந்தக் குடும்பத்தின் சொத்தானது. குராசான்தான் அப்பாஸியரை ஆட்சிக்குக் கொண்டுவந்த படைகள் பிறந்த இடம் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். இனி கலீஃபா தனக்குப் படை வேண்டுமென்றால் வேறு எங்கோதான் தேட வேண்டும்.

துருக்கியர்னா இப்ப துருக்கி நாட்டுல இருக்கிறவங்கதானே?

அந்தக் காலத்தில் இன்றைய துருக்கி, பைசாந்திய கிறிஸ்தவர்களின் நாடு. துருக்கியர் இருந்தது அதற்கு வெகு கிழக்கே, ஆமூ தர்யா, சிர் தர்யா ஆறுகளுக்கு அப்பால் விரியும் புல்வெளிகளில். இன்றைய கஜகஸ்தான், கிர்கிஸ்தான், சீனாவின் மேற்குப் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒரே நாடாகவும் இல்லை. கர்லுக், ஒகூஸ், கிப்சாக் என்று பல குலங்கள், பல தலைவர்கள்.

இந்த வரலாற்றுக்குள் அவர்கள் நுழைந்தது இரண்டு வேறு வாசல்கள் வழியாக. முதலில் தனித்தனி ஆட்களாக, விலைக்கு வாங்கப்பட்ட போர்வீரர்களாக வந்தார்கள். இருநூறு ஆண்டு கழித்து ஆடு, குதிரை, கூடாரம், பெண்டு பிள்ளைகளோடு முழுக் குலங்களாக வந்தார்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன.

அடிமைங்களை வாங்கி எதுக்குப் படையில சேர்க்கணும்? சொந்த மக்களை நம்பலையா?

நம்பவில்லை, அதுதான் விஷயம். அரபுக் குலங்களுக்குத் தங்களுக்குள் பகை, குராசான் படை தாஹிரின் பக்கம், பாக்தாத் மக்களோ உள்நாட்டுப் போரில் எதிர்த்துச் சண்டை போட்டவர்கள். உள்ளூரில் சொந்தமோ நிலமோ கட்சியோ இல்லாத, தன்னைத் தவிர வேறு யாரையும் தெரியாத ஒரு படை வேண்டும் என்று கலீஃபா முஃதஸிம் (ஆட்சி 833–842) நினைத்தார். இளவரசராக இருந்தபோதே துருக்கிய இளைஞர்களை வாங்கிச் சேர்க்க ஆரம்பித்திருந்தார். சிறு வயதிலிருந்தே குதிரை மேலிருந்து அம்பு விடப் பழகியவர்கள், அந்தத் திறமை நகரத்துப் பையன்களுக்குப் பத்து வருடம் கற்றுக்கொடுத்தாலும் வராது.

அடிமை என்றதும் வயலில் சாட்டையடி வாங்கும் ஆளை நினைக்காதீர்கள். குலாம் என்று அழைக்கப்பட்ட இந்த வீரருக்குச் சம்பளம் உண்டு, ஆயுதப் பயிற்சி உண்டு, பதவி உயர்வு உண்டு, பலருக்குப் பின்னால் விடுதலையும் கிடைத்தது. அதற்காக அது சுகமான வாழ்க்கை என்றும் சொல்லமாட்டேன். சிறுவனாகவே வீட்டிலிருந்து பிடுங்கி விற்கப்பட்டவன்தானே. இந்த வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தவர்கள் மத்திய ஆசியாவின் புகாராவை ஆண்ட சாமானி அரச குடும்பத்தினர்.

சரி, வாங்கின ஆளே எஜமானைக் கொன்னது எப்படி?

பாக்தாத் தெருக்களில் இந்த வீரர்கள் குதிரையை விரட்டி ஆட்களை இடித்துத் தள்ளுகிறார்கள் என்று ஊர் முழுக்கப் புகார். அதனால் முஃதஸிம் 836இல் சுமார் 125 கிலோமீட்டர் வடக்கே டைக்ரிஸ் கரையில் சாமர்ரா என்ற புது நகரத்தைக் கட்டிப் படையோடு குடியேறினார். பாக்தாத் மக்களுக்கு நிம்மதி. ஆனால் கலீஃபாவைச் சுற்றி இனி அந்தப் படையைத் தவிர வேறு ஆளே இல்லை. அவருடைய மகன் முதவக்கில் இந்தப் பிடியிலிருந்து விடுபடப் பார்த்தார். 861 டிசம்பரில் ஓர் இரவு, தன் மெய்க்காவலர்களாலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

அதற்கப்புறம் ஒன்பது வருடத்தில் நான்கு கலீஃபாக்கள். அதில் முஃதஸ்ஸின் முடிவைப் படித்தால் முழுச் சிக்கலும் தெரியும். 869இல் வீரர்கள் சம்பள பாக்கி கேட்டு அரண்மனை முன் நின்றார்கள், கருவூலத்தில் காசு இல்லை, அவர் தாய் கபீஹாவிடம் கேட்டால் தன்னிடம் எதுவுமில்லை என்று கையை விரித்துவிட்டார். மகன் பதவி இழந்து உயிரையும் இழந்தார். பிறகு அந்த அம்மாள் ஒளித்து வைத்திருந்த பெருஞ்செல்வம் வெளியே வந்தது. முஃதஸ் எத்தனை காலம் ஆள்வார் என்று ஜோசியரிடம் கேட்டபோது, துருக்கியர் விரும்புகிற வரை என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாக ஒரு பழைய கதை உண்டு, நடந்ததோ இல்லையோ நிலைமையைச் சரியாகத்தான் சொல்கிறது. கவனியுங்கள், இங்கே இன வெறுப்போ மதமோ காரணமில்லை. சம்பளம்தான்.

மாகாணங்கள் தனித்தனியா போனதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். மாகாணத்திலிருந்து வரி வந்தால்தான் தலைநகரில் சம்பளம் கொடுக்க முடியும், தலைநகரில் அடிதடி நடந்தால் மாகாணத்தில் இருப்பவன் ஏன் வரியை அனுப்ப வேண்டும்? எகிப்துக்கு 868இல் போன அஹ்மத் இப்னு தூலூன் இதற்கு நல்ல உதாரணம். அவர் அப்பா தூலூன், புகாராவிலிருந்து கலீஃபாவுக்கு அனுப்பப்பட்ட துருக்கிய அடிமை. மகன் எகிப்து போய்ச் சேர்ந்ததும் முதலில் குறிவைத்தது அங்கிருந்த வரி அதிகாரியின் இடத்தை. அந்த ஆளை ஓரங்கட்டியதும் நைல் நதியின் வருமானம் இவர் கைக்கு வந்தது, அதை வைத்துச் சொந்தப் படை, அந்தப் படையை வைத்து 878இல் சிரியா. குத்பாவிலிருந்து கலீஃபா பெயரை நீக்கவே இல்லை, நாணயத்திலும் அது இருந்தது, தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார் அவ்வளவுதான். கெய்ரோவில் அவர் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது.

இதே நேரத்தில் தெற்கு இராக்கில் 869 முதல் 883 வரை ஸன்ஜ் கிளர்ச்சி. உப்பு நிலங்களைச் சுரண்டிச் சீர்படுத்த வைக்கப்பட்டிருந்த அடிமைகள் கிளம்பினார்கள், 871இல் பஸ்ரா சூறையாடப்பட்டது. கிழக்கே யாகூப் என்ற கன்னார் தனி அரசே அமைத்து 876இல் பாக்தாத் பக்கம் வரை படையோடு வந்துவிட்டார். கலீஃபாவுக்கு மிஞ்சியது இராக், அதிலும் பாதி.

அப்ப கலீஃபான்னா நம்ம ஜனாதிபதி மாதிரியா? கையெழுத்து மட்டும்?

945க்குப் பிறகு ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் ஜனாதிபதியின் கண்ணை யாரும் பிடுங்குவதில்லை. 936இல் அமீருல் உமரா, அதாவது அமீர்களுக்கெல்லாம் தலைவர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, படை, வரி இரண்டையும் இப்னு ராயிக் என்பவரிடம் கலீஃபா ஒப்படைத்தார். அந்தப் பதவிக்கு அடித்துக்கொண்டதில், எதிராளி பஜ்கம் என்ற துருக்கியத் தளபதியின் படையைத் தடுக்க இப்னு ராயிக் நஹ்ரவான் கால்வாயையே உடைத்துவிட்டார். பாக்தாத்தின் கிழக்கே இருந்த வயல்களுக்கு நீர் கொடுத்த கால்வாய் அது. வரிப்பணத்துக்காகச் சண்டை போட்டு வரி விளையும் நிலத்தையே பாழாக்கினார்கள். படிக்கும்போதே வயிறு எரிகிற இடம் இது.

945இல் காஸ்பியன் கடலோர மலைகளிலிருந்து வந்த புவைஹிகள் பாக்தாத்தைப் பிடித்தார்கள். இவர்கள் துருக்கியர் இல்லை, தய்லம் பகுதி ஈரானியர், ஷியாக்கள். அடுத்த வருடத் தொடக்கத்திலேயே கலீஃபா முஸ்தக்ஃபியின் கண்களைக் குருடாக்கினார்கள். அவருக்கு முன் இருந்த காஹிர், முத்தகீ இருவரும் இதேபோல் குருடாக்கப்பட்டு உயிரோடு இருந்தார்கள், ஆக அப்போது கண்ணிழந்த முன்னாள் கலீஃபாக்கள் மூன்று பேர்.

ஷியா ஆளுங்க சன்னி கலீஃபாவை ஏன் விட்டு வெச்சாங்க? தூக்கிட்டுத் தாங்களே உட்காரலாமே?

உட்கார்ந்தால் யார் ஏற்பார்கள்? குடிமக்களில் பெரும்பாலோர் சன்னிகள், புவைஹிகளின் படையிலேயே துருக்கியக் குதிரைப்படை சன்னி. அலீ குடும்பத்து ஷியா இமாம் ஒருவரை உட்கார வைத்தால் அவருக்கு உண்மையாகவே கீழ்ப்படிய வேண்டிவரும். கையில் அடங்கிய அப்பாஸிய கலீஃபாவிடம் அந்தத் தொல்லை இல்லை.

கலீஃபாவுக்கும் ஒரு சரக்கு மிச்சமிருந்தது: அங்கீகாரம். எங்கோ ஒரு மூலையில் வாளால் நாட்டைப் பிடித்தவனுக்கு, நீ சட்டப்படியான ஆட்சியாளன் என்று ஓலையும் அங்கியும் பட்டமும் அனுப்பக்கூடியவர் அவர் ஒருவரே. வடக்கு ஆப்பிரிக்காவில் 909இல் ஷியாக்களான ஃபாத்திமியர் தனி கலீஃபா அமைத்தார்கள், 969இல் எகிப்தையும் பிடித்தார்கள், 929இல் ஸ்பெயினின் கோர்தோபாவிலும் ஒரு கலீஃபா. மூன்று கலீஃபாக்கள் இருந்த காலத்தில் பாக்தாத் பட்டத்தின் மதிப்பு குறைந்திருக்கும் என்று தோன்றும். கிழக்கே இருந்த சன்னி அரசர்களுக்கு அது கூடத்தான் செய்தது என்பது என் கணிப்பு, ஃபாத்திமியருக்கு எதிர்க்கட்சி என்று காட்டிக்கொள்ள அது தேவைப்பட்டது.

கஜினி முகமது துருக்கியரா, ஆப்கானியரா, பாரசீகரா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

தந்தை வழியில் துருக்கியர். முதல் வாசல் வழியாக வந்த குடும்பம். சாமானி அரசர்களின் துருக்கிய அடிமைத் தளபதி அல்ப்தெகின், புகாராவில் அரசியல் சூதாட்டத்தில் தோற்று 962இல் கஜினியைப் பிடித்துக்கொண்டார். அவர் வாங்கிய அடிமை சபுக்தெகின், பிறகு அவருக்கே மருமகன், 977 முதல் ஆட்சியாளர். சபுக்தெகினின் மகன்தான் மஹ்மூத் (998–1030), நாம் கஜினி முகமது என்கிறவர். ஊர் இன்றைய ஆப்கானிஸ்தானில், அரசவை மொழி பாரசீகம், பட்டம் பாக்தாத் கலீஃபா கொடுத்தது. ஆக மூன்று பேரும் கொஞ்சம் கொஞ்சம் சரி.

அவர் படையெடுப்புகளில் சோமநாதர் கோயில் கொள்ளை (1025–26) நமக்கெல்லாம் தெரிந்தது. அதைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம், ஆனால் இதே மனிதர் முல்தான், ரே நகர முஸ்லிம் அரசர்களையும் விடவில்லை. சம்பளம் கேட்கும் ஒரு பெரிய நிரந்தரப் படை எப்போதும் தின்றுகொண்டே இருக்கும், முஃதஸ் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மகன் மஸ்ஊத், லாகூரில் கலகம் செய்த தன் துருக்கிய ஆளுநரை அடக்கத் திலக் என்ற இந்துத் தளபதியை அனுப்பினார். இதைச் சொன்னால் சண்டை போட வந்தவர்கள் இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்கிறார்கள்.

செல்ஜூக்குகளும் இப்படி வாங்கப்பட்ட அடிமைகள்தானே?

இல்லை, இவர்கள்தான் இரண்டாவது வாசல். ஒகூஸ் துருக்கியரில் கினிக் குலத்தவர்கள், சுதந்திரமான நாடோடிகள். 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிர் தர்யா கரையில் ஜந்த் என்ற ஊர்ப்பக்கம் செல்ஜூக் என்ற தலைவரின் கீழ் இஸ்லாத்தை ஏற்றார்கள். பேரன்கள் துக்ரில், சக்ரி காலத்தில் மேய்ச்சல் நிலம் தேடிக் குராசானுக்குள் வந்தார்கள். 1038இல் நிஷாப்பூர் கதவைத் திறந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்: கஜினியின் வரியும் கொடுத்து நாடோடிகளின் கொள்ளைக்கும் இரையாவதற்கு, நாடோடிகளையே அரசனாக ஏற்பது மேல்.

1040 மே மாதம் மெர்வ் அருகே தண்டானகானில் மஸ்ஊத் யானைகளோடும் பெரும்படையோடும் வந்தார். பாலைவனத்தில் தண்ணீர் கிடைக்காமல் அந்தப் படை சண்டைக்கு முன்பே பாதி செத்திருந்தது, இலேசான குதிரைகளோடு வந்த செல்ஜூக்குகள் வென்றார்கள். கஜினி அரசுக்கு அப்புறம் ஆப்கன் மலைகளும் பஞ்சாபும்தான் மிச்சம்.

1055இல செல்ஜூக்குகள் கலீஃபாவைக் காப்பாத்தினாங்கன்னு புக்ல இருக்கே?

காப்பாற்றினார்கள், கூடவே பூட்டியும் வைத்தார்கள். துக்ரில் பாக்தாத்துக்குள் வந்து புவைஹி ஆட்சியை முடித்தார். 1058 கடைசியில் அவர் சகோதரனின் கலகத்தை அடக்கப் போன நேரத்தில் பசாசீரி என்ற துருக்கியத் தளபதி பாக்தாத்தைப் பிடித்து, ஏறக்குறைய ஒரு வருடம் குத்பாவில் கெய்ரோ ஃபாத்திமிய கலீஃபாவின் பெயரை ஓதவைத்தார். துருக்கியர் என்றால் எப்போதும் சன்னி கலீஃபா பக்கம் என்று நினைப்பவர்கள் இந்த ஆளைக் கவனிக்க வேண்டும். துக்ரில் திரும்பி வந்து அவரைத் தீர்த்தார்.

அப்புறம் துக்ரில் கலீஃபாவின் மகளையே பெண் கேட்டார். கலீஃபாவுக்குத் துளியும் விருப்பமில்லை, நெருக்கடி தாங்காமல் சம்மதித்தார். கல்யாணமான சில மாதங்களில், 1063இல், துக்ரில் இறந்துவிட்டார்.

மான்சிகெர்ட் ஒரே போர்ல துருக்கி நாடே கைக்கு வந்துருச்சா?

தொடர்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். 1071 ஆகஸ்டில் மான்சிகெர்ட்டில், துக்ரிலுக்குப் பின் வந்த செல்ஜூக் சுல்தான் அல்ப் அர்ஸ்லான் பைசாந்தியப் பேரரசர் ரோமானோஸைச் சிறைபிடித்தது உண்மை. ஆனால் அல்ப் அர்ஸ்லானின் கண் அனத்தோலியா (இன்றைய துருக்கி) மேல் இல்லை, சிரியாவிலும் எகிப்திலும் இருந்த ஃபாத்திமியர் மேல். ரோமானோஸை ஒப்பந்தம் போட்டு விட்டுவிட்டார். அனத்தோலியா போனது அதற்குப் பிறகு: ரோமானோஸைச் சொந்த ஊர்க்காரர்களே குருடாக்கினார்கள், அரியணைக்குச் சண்டை போட்ட பைசாந்தியத் தலைவர்கள் ஆளுக்கொரு துருக்கியக் கூட்டத்தைக் கூலிக்கு அழைத்தார்கள், வந்தவர்கள் தங்கிவிட்டார்கள்.

செல்ஜூக் பேரரசு அவ்வளவு பலமா இருந்தும் ஏன் அம்பது வருஷத்துல சிதறிச்சு?

நாடோடிக் குடும்பத்தில் நாடு ஓர் ஆளின் சொத்து அல்ல, குடும்பச் சொத்து. தம்பி, மகன், சித்தப்பா எல்லோருக்கும் பங்கு உண்டு. வலுவான ஆள் உச்சியில் இருக்கும்வரை இது ஓடும். மாலிக் ஷா (1072–1092) காலத்தில் ஓடியதற்குப் பெரிய காரணம் அவருடைய பாரசீக அமைச்சர் நிஜாமுல் முல்க். படைத்தலைவர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் ஒரு பகுதியின் வரியை வசூலித்துக்கொள்ளும் உரிமை, இக்தா, கொடுக்கும் முறை புவைஹிகள் காலத்திலேயே இருந்தது. அதை ஒழுங்குபடுத்தி, இக்தா வைத்திருப்பவனுக்கு உரியது வரிதான், குடிமக்கள் மேல் வேறு உரிமை கிடையாது என்று எழுதி வைத்தார்.

1092 அக்டோபரில் அமைச்சர் கொல்லப்பட்டார், அடுத்த மாதமே சுல்தானும் இறந்தார். மகன்கள் பர்கியாருக், முஹம்மத், சிறு குழந்தை மஹ்மூத், சிரியாவிலிருந்த சுல்தானின் தம்பி துதுஷ், எல்லோரும் களத்தில். இளவரசர் சிறுவனாக இருந்தால் அவரை வளர்க்க அதாபெக் என்று ஒரு தளபதியை நியமிப்பார்கள், அவர் பல இடங்களில் சிறுவனின் தாயை மணந்து நாட்டையும் எடுத்துக்கொண்டார். சிலுவைப் படை 1097இல் வந்தபோது அலெப்போவை ஆண்ட ரித்வானும் டமாஸ்கஸை ஆண்ட துகாக்கும் துதுஷின் மகன்கள், ஒருவரை ஒருவர் நம்பாத அண்ணன் தம்பிகள். 1098இல் ஃபாத்திமியர் ஜெருசலேமைத் துருக்கியரிடமிருந்து பிடுங்கினார்கள், மறு வருடமே சிலுவைப் படையிடம் இழந்தார்கள். ஏன் ஒற்றுமையாக எதிர்க்கவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பின்னால் ஒன்றுசேர்த்த ஸெங்கியும் ஒரு துருக்கிய அதாபெக்தான். அவர் மகன் நூருத்தீனிடம் வேலை பார்த்த குர்து குடும்பத்திலிருந்து வந்தவர் சலாஹுத்தீன், அவர் துருக்கியர் அல்ல.

அப்ப இது முழுக்க வீழ்ச்சியின் கதைதானே?

கலீஃபாவின் கருவூலத்திலிருந்து பார்த்தால் ஆமாம். வேறு இடத்திலிருந்து பார்த்தால் இல்லை. ஒரு தலைநகர் போய்ப் பல தலைநகர்கள் வந்தன, ஒவ்வோர் அரசருக்கும் கவிஞரும் மருத்துவரும் வானியலாளரும் வேண்டியிருந்தது. இப்னு சீனா புகாராவில் வளர்ந்து ஊர் ஊராகப் புரவலர் மாறினார், அல்பிரூனி கஜினியில் இருந்தார், ஃபிர்தௌசி ஷாநாமா காவியத்தை 1010இல் முடித்தார், உமர் கய்யாம் மாலிக் ஷாவுக்காக நாட்காட்டியைச் சீர்திருத்தினார். பாக்தாத் நிஜாமிய்யா கல்லூரியில் மார்க்க அறிஞர் கஸ்ஸாலி பாடம் நடத்தினார். கஷ்காரைச் சேர்ந்த மஹ்மூத் என்ற அறிஞர் 1070களில் பாக்தாதில் உட்கார்ந்து துருக்கிய மொழிக்கு அரபியில் அகராதி எழுதினார், ஆள்கிறவர்களின் மொழியைக் கற்றுக்கொள்வது நல்லது என்று அதில் வெளிப்படையாகவே சொல்கிறார். விவசாயிக்கு இதெல்லாம் என்ன கிடைத்தது என்று கேட்டால், உடைந்த நஹ்ரவான் கால்வாயைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

1258இல மங்கோலியர் கலீஃபாவைக் கொன்னதோட எல்லாம் முடிஞ்சுதா?

பாக்தாதில் முடிந்தது. ஆனால் எகிப்தில் 1250 முதல் மம்லூக்குகள், அதாவது முதல் வாசல் வழி வந்த துருக்கிய அடிமை வீரர்கள், நேரடியாகவே ஆட்சியில் இருந்தார்கள். 1260இல் அய்ன் ஜாலூத்தில் மங்கோலியப் படையைத் தோற்கடித்தார்கள். 1261இல் சுல்தான் பைபர்ஸ், தப்பி வந்த ஓர் அப்பாஸியரைக் கெய்ரோவில் கலீஃபாவாக உட்கார வைத்தார். புவைஹிகள் கலீஃபாவை விட்டுவைத்த அதே காரணம்தான்.

இதுக்கும் நம்ம ஊருக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா?

உண்டு. டெல்லி சுல்தான் இல்துத்மிஷ் (1211–1236) விலைக்கு வாங்கப்பட்ட துருக்கியர், 1229இல் பாக்தாதிலிருந்து அங்கீகாரம் வாங்கினார். 1258இல் கொல்லப்பட்ட கலீஃபா முஸ்தஃஸிமின் பெயரை டெல்லி நாணயங்கள் அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்தும் சுமந்தன. மாற்றிப் போட பாக்தாதிலிருந்து வேறு பெயர் வரவில்லை.

அதே டெல்லி, மதுரைக்கு அனுப்பிய ஆளுநர் ஜலாலுத்தீன் அஹ்ஸன் 1330களில் முஹம்மது பின் துக்ளக்கை உதறிவிட்டுத் தன் பெயரில் நாணயம் அடித்தார். அவர் துருக்கியர் இல்லை, வட இந்தியாவின் கைதல் ஊர்க்காரர். ஆனால் செய்த வேலை இப்னு தூலூன் செய்ததுதான்: தலைநகர் தூரம், வரி கையில், படை கையில். அவர் மகளைத்தான் பயணி இப்னு பதூதா டெல்லியில் மணந்திருந்தார், மதுரை சுல்தானகத்துக்கு அவர் வந்தபோது அங்கே ஆண்டவர் அவருடைய மனைவியின் சகோதரியை மணந்தவர்.